சாக்கடைக்குப் போகும் நம் சரக்கு

வணிகர் சங்கப் பத்திரிகையில் சாக்கடையைப் பற்றி எழுதுவதா என்று நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். அரிசி விலை, பருப்பு வரத்து, ஜி.எஸ்.டி. படிவம் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் நம் கடைகளில் விற்கும் சரக்கில் பெரும்பகுதி ஒருநாள் விட்டு ஒருநாளாவது சாக்கடைக்குத்தான் போய்ச் சேருகிறது. எண்ணெய், சோப்பு, சலவைத் தூள், பினாயில், பிளீச்சிங் பவுடர், தின்ற அரிசி பருப்பு உட்பட எல்லாவற்றுக்கும் கடைசிக் கொள்முதல்காரர் சாக்கடைதான். அந்தக் கொள்முதல்காரர் சரக்கை என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்வதில் வணிகர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

நமக்கு இந்த ஆர்வம் படித்து வந்ததல்ல. நனைந்து வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு, தெருக் கால்வாய் நிரம்பிப் பின்வாங்கி நமது கிட்டங்கிக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. அடி வரிசையில் அடுக்கியிருந்த சர்க்கரை மூடைகள் கரைந்தே போயின. துவரம் பருப்பு ஊறி நாற்றம் எடுத்தது. மழைத் தண்ணீரில் நனைந்த பருப்பையாவது காயவைத்து மாட்டுத் தீவனத்துக்குத் தள்ளலாம். சாக்கடைத் தண்ணீரில் நனைந்ததை மாட்டுக்கும் போட முடியாது. மறுநாள் ஆள் வைத்துக் கால்வாயைத் தோண்டினோம். உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது என்ன என்கிறீர்கள்? பிளாஸ்டிக் உறைகளும், அவற்றை ஒட்டவைத்துக்கொண்டு பாறைபோல் இறுகிப்போன எண்ணெய்க் கசடும். உறைகளில் சிலவற்றில் நாம் மொத்தமாகக் கொடுத்த சரக்கின் பெயரே அச்சாகியிருந்தது. யாரைப் போய்க் கேட்பது?

அடுத்த அதிர்ச்சி நமது வீட்டுக் கிணற்றில் வந்தது. 1985-ல் வீடு கட்டியபோது, செப்டிக் டேங்குக்கு அடித்தளம் போடாமல் விட்டுவிட்டால் நம் ஊர் மணல் தானாகவே குடித்துக்கொள்ளும், ஆயுசுக்கும் அள்ள வேண்டியதில்லை என்றார் கொத்தனார். மிச்சம் என்று நாமும் தலையாட்டினோம். போதாததற்கு மேல் குழாயைத் தெருக் கால்வாயில் விட்டோம். முப்பது வருஷம் டேங்க் நிரம்பவே இல்லை என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தோம். பேரப்பிள்ளைக்கு அடிக்கடி வயிறு சரியில்லாமல் போனதால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது, மலக்கிருமிகள் இருப்பதாகவும், நைட்ரேட் அளவு அனுமதிக்கப்பட்ட 45 மில்லிகிராமைத் தாண்டிவிட்டதாகவும் சீட்டு வந்தது. டேங்குக்கும் கிணற்றுக்கும் இடையே இருபது அடிதான். நடுவில் இருப்பது வெறும் மணல்.

கழிவுநீர் லாரி ஓட்டும் தம்பியை வரவழைத்தோம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "காக்கா, நிரம்பாத டேங்குன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. நிரம்பலைன்னா ஒழுகுதுன்னு அர்த்தம்" என்றார். ஒழுங்காகக் கட்டிய டேங்கில் கனமான கசடு அடியில் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் நிற்கும் நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடை அள்ளியே ஆக வேண்டும். அள்ளாவிட்டால் அது வெறும் குழாயைப் போலத்தான். மேலே விழுந்தது அப்படியே வெளியே போகும்.

அள்ளிய கசடை லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் நெடுங்காலம் இதற்குப் பதில், இருட்டிய பிறகு ஏதாவது ஓடை, தரிசு, கண்மாய்க்கரை என்பதுதான். 2014-ல் மாநில அரசு கழிவுக் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2017-ல் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழி என்ற சிறிய பேரூராட்சியில், கசடுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் தமிழ்நாட்டில் முதன்முதலாக வந்தது. கருங்குழி, மதுராந்தகம் ஆகிய இரண்டு ஊர் லாரிகளும் அங்கே வந்து கொட்டலாம். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 23 ஆயிரம் லிட்டர் கொள்ளும். குப்பையை வடிகட்டி, கசடைப் படுக்கைகளில் பரப்பி வெயிலில் உலர்த்துகிறார்கள். வடிந்த நீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். பல நூறு கோடி ரூபாயில் ஊரெல்லாம் தோண்டிப் பாதாளச் சாக்கடை போட முடியாத ஒரு சிறிய ஊருக்கு ஏற்ற ஏற்பாடு இது.

மதுராந்தகத்தை இங்கே சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஊர் ஏரியின் பெயரிலேயே வாழும் ஊர். 1798-ல் கலெக்டர் பிளேஸ் துரை காலத்தில் பெருமழையில் ஏரிக்கரை உடையாமல் நின்ற கதையும், ஏரி காத்த இராமர் கோயிலும் அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த நாளில் ஏரிக்கு ஆபத்து என்றால் கரை உடைவது. இந்த நாளில் கரை கல்லுப்போல் நிற்கும்போதே ஏரி உள்ளுக்குள் கெட்டுப்போகிறது.

சுத்திகரிப்பு நிலையம் என்றால் ஏதோ ரசாயனம் ஊற்றிக் கழுவும் ஆலை என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். உண்மையில் அது தயிர் உறை ஊற்றுவது போன்ற வேலை. கழிவில் இருப்பதைத் தின்று வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றுக்கு மூச்சுவிடக் காற்றும் கொடுத்து, தின்று முடித்தபின் அவற்றை அடியில் படியவிட்டு, மேலே தெளிந்த நீரை வெளியே விடுவது. படிந்ததில் ஒரு பகுதியை மறுநாள் கழிவுக்கு உறையாக எடுத்து ஊற்றுவார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-ல் இந்த முறையை வெளியிட்டார்கள். நூறு ஆண்டுக்கு மேலாகியும் உலகம் முழுவதும் பெரும்பாலும் இதே முறைதான்.

உறைக்கு உயிர் உண்டு என்பதால் அதற்குக் கேடும் உண்டு. மின்சாரம் பல மணி நேரம் நின்று காற்று போகாவிட்டால் உயிர்கள் மூச்சடைத்துச் சாகும். உணவகத்துக்காரர் பொரித்த எண்ணெயைக் கொட்டினால் அது மேலே படலமாகப் படர்ந்து காற்றை மறைக்கும். கழுவுகிறேன் என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் அளவில்லாமல் ஊற்றினால், பாலில் எலுமிச்சை பிழிந்த கதைதான். கருவாடு ஊறிய உப்புத் தண்ணீரும் அப்படியே. நம்மைப் போன்ற கடற்கரை ஊர்களில் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பெரிய நகரத்து நிலையத்தில் ஒரு கடைக்காரர் செய்யும் தவறு கரைந்து போய்விடும். சிறிய ஊர் நிலையத்தில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து தவறு செய்தால் நிலையமே படுத்துவிடும். கட்டி முடித்த இரண்டாம் வருடம் நிலையம் நாறுகிறது, ஒப்பந்தக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேசும்போது, இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

சரி, நிலையம் நன்றாகவே நடக்கிறது, கண்ணாடிபோல் தண்ணீர் வெளியே வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பக்கத்து ஏரியில் விடலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் நகரை ஒட்டி வாஷிங்டன் ஏரி என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. தலைநகர் வாஷிங்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1950-களில் அந்த ஏரியைச் சுற்றியிருந்த சிறிய ஊர்கள் தத்தமக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிக்கொண்டு, சுத்தம் செய்த நீரை ஏரியிலேயே விட்டன. நிலையங்கள் அந்தக் காலத்து அளவுகோலில் நன்றாகவே வேலை செய்தன. அப்படியும் ஏரி கலங்கிப் பாசி பிடித்தது. 1955-ல் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் எட்மண்ட்சன் என்ற விலங்கியல் பேராசிரியரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும், கெட்டுப்போகும் ஏரிகளில் முளைக்கும் ஒரு குறிப்பிட்ட பாசியை அங்கே கண்டார்கள். இப்படியே விட்டால் ஏரி நாறிப்போகும் என்று அவர் எச்சரித்தார். சுற்றுவட்டார ஊர்கள் ஒன்றுசேர்ந்து செலவு செய்யலாமா என்று 1958 மார்ச்சில் மக்களிடம் வாக்கெடுத்தார்கள், தோற்றுப்போனது. வரி யாருக்குப் பிடிக்கும்? அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் எடுத்தார்கள், ஜெயித்தது. 1963-ல் தொடங்கி 1968-க்குள், ஏரியில் விழுந்த கழிவுநீர்க் குழாய்கள் அனைத்தையும் திருப்பிவிட்டார்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினால் ஒரு மீட்டருக்குள் கண்ணுக்கு மறைந்துபோன ஏரியில், 1970-களில் மூன்று மீட்டர் ஆழத்துக்கும் மேலே தட்டு தெரிந்தது.

சுத்தம் செய்த நீரே ஏரியைக் கெடுத்தது எப்படி? நுண்ணுயிர்கள் அழுகும் பொருளைத்தான் தின்கின்றன. அதற்குள் இருக்கும் உரச்சத்தில் கொஞ்சம்தான் அவற்றின் உடம்பில் சேரும். அதிலும் பாஸ்பரஸ், அதாவது விவசாயிகள் மணிச்சத்து என்று சொல்வது, சாதாரண நிலையத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. மீதி தெளிந்த நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் வெளியே போகிறது. பயிருக்கு உரம் எதுவோ, பாசிக்கும் உரம் அதுதான்.

1973-ல் கனடாவில் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி இதை எல்லோரும் பார்க்கும்படி செய்து காட்டினார். எண் 226 என்று பெயரிட்ட ஒரு சிறிய ஏரியின் நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியிலும் நைட்ரஜனும் கார்பனும் போட்டார். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸும் போட்டார். அந்தப் பாதி பச்சை விழுதாக மாறியது, மறுபாதி தெளிவாகவே நின்றது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் புகைப்படம் விஞ்ஞானிகளுக்குள் நடந்த வழக்கைப் பெருமளவு தீர்த்துவிட்டது. சோப்புக் கம்பெனிகள் அதுவரை, பாசிக்குக் காரணம் கார்பன்தான், எங்கள் பாஸ்பேட் இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தன.

இங்கேதான் நமது அலமாரிக்கு வருகிறோம். சலவைத் தூளில் உப்புத் தண்ணீரின் கடினத்தை முறிக்கச் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்ற பொருளை வெகுகாலமாகச் சேர்த்து வந்தார்கள். கடினநீர் உள்ள ஊரில் துணி வெளுக்க இது உதவும் என்பது உண்மையே. கனடா 1970-களின் தொடக்கத்திலேயே இதற்கு வரம்பு கட்டியது. ஐரோப்பிய நாடுகளில் வீட்டுச் சலவைத் தூளுக்கு 2013 முதல் கடும் வரம்பு வந்தது. நம் நாட்டில் பல நிறுவனங்கள் தாமாகவே அளவைக் குறைத்திருக்கின்றன. ஆனால் கிலோ கணக்கில் பெயரில்லாத உறையில் வரும் தூளில் என்ன இருக்கிறது என்று, விற்கும் நமக்கும் தெரியாது, வாங்கும் அம்மாவுக்கும் தெரியாது. பெங்களூரு பெல்லந்தூர் ஏரியில் 2015-ல் நுரை பொங்கிச் சாலையில் பறந்ததையும், தண்ணீர் மேல் நெருப்புப் பற்றியதையும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நகரத்தின் கழிவுநீரும் அதில் கலந்து வந்த சோப்பும் சேர்ந்துதான் அந்த நுரை.

ஆனாலும் பழியை முழுவதும் சோப்பின்மேல் போட்டால் கணக்கு இடிக்கும். மனிதர் ஒவ்வொருவரும் தின்ற உணவிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிராம் பாஸ்பரஸைக் கழிக்கிறோம். 2011 கணக்கெடுப்பின்படி கீழக்கரையில் சுமார் 38 ஆயிரம் பேர். ஆக, நாள் ஒன்றுக்கு 38 கிலோ. 50 கிலோ டி.ஏ.பி. மூடையில் இருக்கும் பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. அப்படியானால் இந்த ஊர் தினமும் நான்கு மூடை டி.ஏ.பி.க்குச் சற்றுக் குறைவான சத்தைக் கழிவாக விடுகிறது. மானியம் போக மூடை 1,350 ரூபாய்க்கு விற்ற விலையில் போட்டால் ஆண்டுக்கு 18, 19 லட்சம் ரூபாய்ச் சரக்கு. இதில் ஒரு பகுதி டேங்கிலும் மணலிலும் தங்கிவிடும், எல்லாம் கால்வாய்க்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கிலோ பாஸ்பரஸ் சுமார் 500 கிலோ ஈரப்பாசியை வளர்க்க வல்லது என்பது ஏரி ஆய்வாளர்களின் கணக்கு. பெருக்கிப் பார்ப்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறோம்.

பாசி வளர்ந்தால் என்ன, பச்சையாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். பகலில் அது பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவே மூச்சுவிட அந்த வாயுவை எடுத்துக்கொள்ளும். செத்து அழுகும்போது மிச்சமிருப்பதும் போய்விடும். விடிகாலையில் மீன் செத்து மிதப்பது இதனால்தான். பாசிகளில் சில வகை நஞ்சையும் கக்கும்.

அரசின் விதிகளிலேயே இந்த ஓட்டை இருந்தது. 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நகரக் கழிவுநீர் நிலையங்களுக்கு வெளியிட்ட அளவுகோலில் அழுகும் பொருளுக்கும் கிருமிக்கும் வரம்பு இருந்தது. பாஸ்பரஸ் என்ற சொல்லே இல்லை. 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தன் உத்தரவில், குளம் ஏரிகளில் விடும் நீருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்று அதையும் சேர்த்தது. ஆகவே எந்த ஊரிலாவது சுத்திகரிப்பு நிலையம் வருகிறது என்றால், நகராட்சிக் கூட்டத்தில் வணிகர்கள் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. வெளிவரும் நீரில் பாஸ்பரஸ் எவ்வளவு? அந்த நீர் எங்கே போய் விழும்?

பாஸ்பரஸை எடுக்க வழி இல்லாமலில்லை. நம் கடையில் விற்கும் படிகாரமும் சுண்ணாம்பும் அதைப் பிடித்து அடியில் இழுத்துப் போடும். உலகமெங்கும் அப்படிச் செய்கிறார்கள். செலவு பிடிக்கும், படிந்த கசடும் கூடும். நம் மாவட்டத்துக்கு அதைவிட மலிவான வழி, கிருமி நீக்கிய அந்த நீரை எந்த நீர்நிலையிலும் விடாமல் மரத்துக்குப் பாய்ச்சுவது. ஏரியில் விஷமாவது தென்னந்தோப்பில் உரமாகிறது. புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில், தடுப்புச் சுவர் வைத்த தொட்டிகளும் செடி நட்ட ஜல்லிப் படுக்கையுமாகக் கழிவுநீரைத் தெளியவைத்துத் தோட்டத்துக்கு விடுகிறார்கள். நூறு வீடுள்ள தெருவுக்கோ ஒரு சந்தைக்கோ அளவாக அமைக்கக்கூடிய முறை அது.

நம் ஊரில் ஏரி எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்பது காதில் விழுகிறது. இராமநாதபுரம் சீமையில் ஏரிக்குப் பதில் ஊரணி. காவிரித் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன் இந்தச் சீமையே ஊரணித் தண்ணீரில்தான் உயிர் வாழ்ந்தது. குடிதண்ணீர் ஊரணியில் குளிக்கவும் விடமாட்டார்கள், துவைக்கவும் விடமாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு விஞ்ஞானம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஊரணி ஒற்றைக் கதவுள்ள கிட்டங்கி மாதிரி, உள்ளே போன சரக்கு வெளியே வராது என்ற அறிவு போதும்.

எஞ்சியது கடல். வாஷிங்டன் ஏரிக்காரர்களும் குழாயைக் கடல் பக்கம்தானே திருப்பினார்கள், நாமும் விட்டால் என்ன என்று வாதாடலாம். அவர்கள் சுத்தம் செய்த நீரை, ஆழமும் ஓட்டமும் மிகுந்த கடலுக்கு விட்டார்கள். நம் கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். எதிரே அப்பா தீவு, வாலிமுனை, ஆனைப்பார், தலையாரி என்று தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப் பாறையும் கடற்புல்லும். 21 தீவுகளோடு சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் இது. கடற்புல்லுக்கும் பவளத்துக்கும் வெளிச்சம் வேண்டும். தண்ணீர் கலங்கிப் பாசி மூடினால் இரண்டும் சாகும், அங்கே குஞ்சு பொரிக்கும் மீனும் போகும். 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் மன்னார் வளைகுடா பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். அது பருவமும் நீரோட்டமும் மாறும்போது வருவது. சாக்கடைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிராணவாயு தீர்ந்த தண்ணீரில் மீன் எப்படிச் சாகும் என்பதைக் கண்ணால் பார்த்தோம். மீன் வரத்து நின்ற அந்த நாட்களில் நம் கடைகளில் மசாலாவும் எண்ணெயும் எவ்வளவு நகர்ந்தன என்பதைப் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் அறிவார்கள்.

நமது டேங்குக்கு இப்போது அடித்தளம் போட்டாயிற்று. தெருக் கால்வாய்க்குப் போன குழாயை அடைத்துவிட்டு, கிணற்றிலிருந்து தள்ளி உறிஞ்சுகுழி வெட்டினோம். 1985-ல் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு செலவு. அள்ளிய தேதியைக் கிட்டங்கிச் சுவரில், தீயணைப்புக் கருவியின் தேதிக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். பெயரில்லாத சலவைத் தூளை எடுப்பதை நிறுத்திவிட்டோம். வரும் விற்பனைப் பிரதிநிதிகளிடம் பாஸ்பேட் உண்டா இல்லையா என்று எழுதித் தரச் சொல்லுகிறோம். இதுவரை இரண்டு பேர் எழுதித் தந்திருக்கிறார்கள், ஒருவர் சிரித்துவிட்டுப் போனார்.

உணவகம், பலகாரக் கடை, பரோட்டாக் கடை நடத்தும் உறுப்பினர்கள் கழுவும் தொட்டிக்கு அடியில் எண்ணெய்ப் பொறி வைத்துக்கொள்வது பற்றி அடுத்த செயற்குழுவில் பேச இருக்கிறோம். தடுப்பு வைத்த ஒரு சின்னத் தொட்டிதான். நம் ஊர்க் கொத்தனாரே ஒரு நாளில் கட்டிவிடுவார். வாரம் ஒருமுறை மேலே மிதக்கும் எண்ணெயை அள்ளித் தனியாகப் போட வேண்டும். மாதிரிக்கு ஒன்றை நமது கிட்டங்கிக்கு அடுத்த தேநீர்க் கடையில் கட்டியிருக்கிறது. பார்க்க விரும்புவோர் காலை 11 மணிக்கு மேல் வரலாம்.